கருமத்தம்பட்டியில் விளக்கணைந்த இரவு

இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடும் ஈஸ்டருக்கு முந்திய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்புக்காக அம்மாயியுடன் கருமத்தம்பட்டி செபமாலை அன்னை பசிலிக்காவுக்குச் சென்றிருந்தேன். கோவையிலிருந்து அவிநாசி செல்லும் வழியில் உள்ள இத்திருத்தலம், கொங்கு நாட்டின் பழமையான கத்தோலிக்க ஆலயங்களுள் ஒன்று. பேருந்தில் உடன்வந்த உறவினர் ஒருவர், 'இரத்த நிலா' வந்துவிட்டதால் உலக முடிவு நெருங்கிவிட்டதென்று கூறும் வாட்ஸ்அப் காணொளிகளை வழிநெடுகக் காட்டிக்கொண்டு வந்தார். கிரகணத்தின்போது பூமியின் காற்று மண்டலம் வளைத்தனுப்பும் செவ்வொளிதான் நிலவைச் சிவக்கச் செய்கிறது என்றேன். அவர் அடுத்த காணொளிக்குப் போய்விட்டார்.

இரவு பதினொரு மணிக்கு ஆலய விளக்குகள் அனைத்தும் அணைக்கப்பட்டன. அதுவரை காதில் விழாத விசைத்தறிச் சத்தம், இருட்டானதும் எங்கிருந்தோ தெளிவாகக் கேட்டது. வெளியே மூட்டிய புதுநெருப்பிலிருந்து பாஸ்கா திரி எனும் பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். அதில் சிலுவையும், முதலும் முடிவுமான இரு கிரேக்க எழுத்துகளும், அவ்வாண்டின் நான்கு இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருந்தன. "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று குருவானவர் மும்முறை பாடி முன்செல்ல, சுடர் கைக்குக் கை மாறி எங்கள் வரிசைக்கும் வந்தது. "காத்தடிக்குது கண்ணு, கையை வெச்சு மறைச்சுக்கோ" என்றார் அம்மாயி. உருகிய மெழுகு காகிதக் குவளையைத் தாண்டி என் பெருவிரலில் விழுந்து, சுட்டு, உடனே வெள்ளையாக உறைந்தது.

அந்த மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே விவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூலின் முதல் அதிகாரம் வாசிக்கப்பட்டது. பலமுறை கேட்ட பகுதிதான் என்றாலும், ஒளி முதல் நாளிலும் கதிரவனும் நிலவும் விண்மீன்களும் நான்காம் நாளிலும் படைக்கப்பட்டன என்பது அன்றுதான் மனத்தில் தைத்தது. இறுதிக்காலம் பற்றிய இறைவாக்குகளில் அணைந்துபோவன எல்லாம் அந்த நான்காம் நாள் விளக்குகளே. யோவேல் நூலில் கதிரவன் இருளாகிறது, நிலா இரத்தமாகிறது. மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் விண்மீன்கள் விழுகின்றன. விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் ஏட்டுச்சுருளின் ஆறாம் முத்திரை உடையும்போது, பழைய தமிழ் வேதாகமத்தின் சொற்படி, சூரியன் 'கறுப்புக் கம்பளியைப்போல' கறுக்கிறது. ஆட்டுப்பட்டிக் காவலுக்குப் போகிறவர்கள் போர்த்திக்கொள்ளும் கம்பளியைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த உவமைக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. ஆனால் அதே நூலின் 21ஆம் அதிகாரத்தில் வரும் புதிய எருசலேமுக்குக் கதிரவனும் வேண்டியதில்லை, நிலவும் வேண்டியதில்லை; கடவுளின் மாட்சியே அதற்கு ஒளி, ஆட்டுக்குட்டியாகிய கிறிஸ்துவே விளக்கு. நான்காம் நாளுக்கு முந்திய அந்த முதல் நாள் ஒளியே திரும்பி வருவதாக எனக்குத் தோன்றியது.

இருள் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதுமில்லை. அடுத்து வந்த விடுதலைப் பயண வாசகத்தில், ஒரே மேகம் எகிப்தியர் பக்கம் இருளாகவும் இஸ்ரயேலர் பக்கம் ஒளியாகவும் நின்றது. ஆண்டவரின் நாளை ஆவலோடு எதிர்பார்த்தவர்களிடம், அது ஒளியல்ல, இருளே என்றார் இறைவாக்கினர் ஆமோஸ். சிங்கத்துக்குத் தப்பிக் கரடியிடம் அகப்பட்டவனையும், வீட்டுச் சுவரில் கை வைத்ததும் பாம்பு கடித்தவனையும் உவமை காட்டினார். காணொளிக்காரர்கள் இந்தப் பகுதியை ஏனோ பகிர்வதில்லை.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, இரண்டு நாள் தேய்ந்த நிலா கோபுரத்துக்கு மேலே நின்றது. யூதரின் பாஸ்கா விழா நிறைநிலாக் காலத்தில் வருவது; இயேசு சிலுவையில் அறையப்பட்டதும் அவ்விழாக் காலத்தில்தான். நிறைநிலாவன்று சூரிய கிரகணம் நிகழவே இயலாது. ஆகவே இயேசு சிலுவையில் தொங்கியபோது நண்பகல் முதல் மூன்று மணி வரை கவிந்த இருளைக் கிரகணம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. உறவினரிடம் இதைச் சொன்னபோது, முதன்முறையாகக் கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, நிலவை அண்ணாந்து பார்த்தார்.

அம்மாயி எங்கள் மூவரின் மெழுகுவர்த்தித் துண்டுகளையும் வாங்கிச் செய்தித்தாளில் சுற்றி மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டார், கரண்ட் போனால் ஆகும் என்று.