நாளைக்குப் பார்க்கலாமுங்க

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு, அதாவது துணி ஆர்டரை ஒவ்வொரு கட்டமாகப் பின்தொடர்ந்து முடித்துக்கொடுக்கும் வேலைக்கு, நேர்காணலுக்குப் போனபோது, மேனேஜர் என் பயோடேட்டாவில் ஓரிடத்தில் விரலை வைத்தார். "இந்த ரெண்டு வருசம் என்னங்க தம்பி பண்ணுனீங்க?"

ஊழியம் என்றேன். எங்கள் சபை, வெளியில் மார்மன் என்பார்களே, அந்தப் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை. பையன்கள் 24 மாதம் மதத்தைப் பரப்பும் ஊழியத்துக்குப் போவதுண்டு. முன்பு 19 வயது ஆகியிருக்க வேண்டும், 2012இல் அதை 18 ஆக்கினார்கள். சம்பளம் கிடையாது. போகும் ஊரும் நம் விருப்பமில்லை. "அப்போ முன்அனுபவம் இல்லீங்க" என்று எழுதிக்கொண்டார். ஃப்ரெஷர் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

எனக்கு வந்தது விசாகப்பட்டினம். அங்கே எப்போதும் இருவராகத்தான் இருக்க வேண்டும், கூட்டாளி யாரென்றும் அவர்களே சொல்வார்கள். என் முதல் கூட்டாளி சாப்பிட்ட தட்டைக் கழுவவே மாட்டான். இரவு அதற்காகச் சண்டை போட்டாலும், காலையில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு அவனோடுதான் கிளம்பியாக வேண்டும். பின்னாளில் புரொடக்‌ஷன் ஆட்களோடு ஏழு வருடம் ஓட்ட முடிந்ததற்கு அந்தத் தட்டுதான் காரணம்.

மெர்ச்சண்டைசர் வேலை என்பது பாதிக்கு மேல் அலைச்சல். துணி பின்னும் நிட்டிங், சாயம் ஏற்றும் டையிங், பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பேக்டிங் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடம். சாயப்பட்டறை முதலாளி ஒருவர் எப்போது போனாலும் "நாளைக்குப் பார்க்கலாமுங்க" என்பார். கொங்கு நாட்டில் முகத்துக்கு நேரே யாரும் இல்லை என்று சொல்வதில்லையே! மற்றவர்கள் சலித்துத் திரும்புவார்கள். நான் உட்கார்ந்துவிடுவேன். நொய்யல் மாசு வழக்கில் 2011இல் பட்டறைகளை மூடச் சொன்ன கதையை அவர் எத்தனையாவது முறை சொன்னாலும் கேட்பேன். பேசுவதைவிடக் கேட்பதைத்தான் ஊழியத்தில் அதிகம் பழகியிருந்தேன்.

இதில் ஒரு கெடுதலும் உண்டு. விடாமல் கேட்டால் எதுவும் நடக்கும் என்று மனசு நம்பிவிடுகிறது. ஆளைக் கரைக்கலாம், துணியைக் கரைக்க முடியாது. ஒருமுறை மூன்று நாள் அவர் வாசலிலேயே கிடந்து துணியை வாங்கி வந்தேன். நிறம் சரிபார்க்கும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தால் ஷேடில் சிவப்பு ஏறியிருந்தது. மொத்த லாட்டும் ரிஜெக்ட்.

திரும்பப் போய் நின்றேன். அவர் டீயை நீட்டினார். "இன்னொரு நாள் வேணும்னுதானுங்க சொன்னேன். நீங்கதான் விடமாட்டேனுட்டீங்களே."