கையால் எழுதியதைக் கழற்றும் வாரம்

மார்ச் 3, திங்கள்
இன்டெல் வகை சிப்புகளுக்கான எஸ்எஸ்இ கட்டளைகளில் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடுபவை) கையால் எழுதிய ஃபில்டர், ஆர்ம் சிப் உள்ள சர்வரில் கம்பைல்கூட ஆகாது, அந்த ஹெடரே அங்கே கிடையாது. வெள்ளிக்குள் ஓடியாக வேண்டும். ஆர்மில் அதற்கு ஈடான நியானில் மறுபடி கையால் எழுதினால் இரண்டு பிரதிகளையும் காலத்துக்கும் கட்டி மேய்க்கணும். வேண்டாம். சாதாரண சி லூப் போதும்.

மார்ச் 4
ஜிசிசி கம்பைலரில் 12-ஆம் பதிப்பு முதல் ஓ2 என்ற வேகப்படுத்தும் நிலையிலேயே வெக்டரைசேஷன் (சாதாரண லூப்பைத் தானாகவே அப்படிப்பட்ட பல எண் கட்டளைகளாக மாற்றுவது) உண்டு. ஆனால் அங்கே கறார் அதிகம்: எத்தனை சுற்று என்று முன்கூட்டித் தெரியாத லூப்பைப் பெரும்பாலும் தொடாது. அடுத்த நிலையான ஓ3-இல் தொட்டது. ஆனால் உள்ளே வரும் பஃபரும் வெளியே போகும் பஃபரும் ஒன்றன்மேல் ஒன்று விழுமோ என்று ஓடும்போது சோதித்து, லூப்பை இரண்டு விதமாக வைத்திருந்தது. அப்படி விழாது என்று சொல்லும் ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல்லைப் போட்டதும் சோதனை போச்சு. அது நாம் கொடுக்கும் வாக்கு. எங்காவது ஒரே பஃபரை இரண்டுக்கும் அனுப்பினால் விடை சத்தமில்லாமல் தப்பாகும். அழைக்கும் இடங்களையெல்லாம் பார்த்தாச்சு.

கூட்டல் லூப் மட்டும் அசையவில்லை.

மார்ச் 5
கூட்டல் லூப்பேதான். குறைந்த இலக்கங்களே தங்கும் ஃப்ளோட்டில் 10 கோடியோடு 1-ஐக் கூட்டினால் 10 கோடியேதான் வரும். வரிசை மாறினால் விடை மாறும் என்பதால் கம்பைலர் தானாக மாற்றாது. அது சரியும்கூட. ஃபாஸ்ட்-மேத் ஃப்ளாக் கொடுத்தால் மாற்றும், ஆனால் இதே ஃபைலில் உள்ள ஈஸ்நேன் (விடை எண்தானா என்று பார்க்கும்) சோதனையையும் தூக்கி எறிந்துவிடும். கூடவே கூடாது. நான்கு தனித்தனி கூட்டுத்தொகை வைத்து, கடைசியில் சேர்ப்பதுதான் வழி. பழைய எஸ்எஸ்இ-யும் நான்கு லேனில் (ஒரே ரெஜிஸ்டருக்குள் நான்கு இடங்கள்) அதைத்தான் செய்தது. வரிசையை நாம் சொல்லிவிட்டால் மீதியைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும்.

அதே நாள், இரவு
வி0.4எஸ், அதாவது நான்கு ஃப்ளோட்டை ஒன்றாக வைக்கும் ரெஜிஸ்டர். கம்பைலர் தந்த அசெம்பிளியில் வந்துவிட்டது!

மார்ச் 6
சி-க்குள் கையால் எழுதி வைத்திருந்த, 10-ஆல் வகுக்கும் இன்லைன் அசெம்பிளியையும் எடுத்தாச்சு. சும்மா வகுத்தல் என்று எழுதினாலே, கம்பைலர் குறியில்லாத 32 பிட் எண்ணை 3435973837-ஆல் பெருக்கி 35 பிட் வலப்பக்கம் தள்ளுகிறது.

பழைய விடையோடு ஒப்பிடும் டெஸ்டில் கடைசி பிட் உதைக்கிறது. கூட்டலைச் சந்தேகப்பட்டு மறுபடி அங்கேயே போனேன். காரணம் அதில்லை. ஆர்ம் 64-இல் பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்துச் செய்யும் எஃப்எம்எல்ஏ கட்டளை எப்போதும் இருக்கிறது, ஜிசிசி கேட்காமலே அதைப் போடுகிறது. நடுவில் ரவுண்டிங் ஒருமுறை குறைகிறது. எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் ஃப்ளாக் கொடுத்ததும் எஃப்மல் (பெருக்கல்), எஃப்ஆட் (கூட்டல்) என்று பிரிந்தது.

மார்ச் 7, வெள்ளி
இன்னொரு கம்பைலரான கிளாங்குக்கும் அதே ஃப்ளாக் வேண்டும். 14-ஆம் பதிப்பு முதல் அதுவும் ஒரே எக்ஸ்பிரஷனுக்குள் இருக்கும் பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்துவிடுகிறது. பில்ட் ஓடுகிறது.