டைனமோ மேல் தப்பில்லை

ஜூன் 12, 2025, வியாழன்

சாயங்காலம் பாம்பன் அண்ணன் ஒருவர் தன் வாடகைக் காரை உச்சிப்புளியில் என் கடைக்குக் கொண்டுவந்தார். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கும் ஆள் ஏற்றுகிற வண்டி. ஏசியையும் ஹெட்லைட்டையும் சேர்த்துப் போட்டால் வெளிச்சம் மங்குகிறதாம், காலையில் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறதாம். "பேட்டரி புதுசு தம்பி, டைனமோவும் புதுசு. இன்னும் என்னத்த மாத்துறது?" என்றார். இரண்டையும் வேறொரு ஊரில் மாற்றியிருக்கிறார்கள்.

எஞ்சினை 1500 ஆர்பிஎம்மில் நிறுத்தி, ஹைபீம், ஏசி புளோயர் எல்லாம் போட்டு அளந்தேன். டைனமோவின் பி பிளஸ் போல்ட்டுக்கும் (கரண்ட் வெளியே வரும் முனை) டைனமோ உடம்புக்கும் இடையே 14.2 வோல்ட். நல்ல டைனமோ. அதே நேரத்தில் பேட்டரியின் இரண்டு முனைக்கும் இடையே 12.7. உற்பத்தியாவது ஒன்று, வந்து சேர்வது ஒன்று, நடுவில் 1.5 வோல்ட் காணோம். இந்த டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தன் வாசலில் இருப்பதை மட்டும்தான் பார்க்கும். 14.2 இருக்கிறது, போதும் என்று இருந்துவிடும். இன்னும் நாலு டைனமோ மாற்றினாலும் கதை இதுதான்.

இருட்டிவிட்டது. வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

ஜூன் 13, வெள்ளி

காணாமல் போன வோல்ட் எந்தக் கம்பியில் விழுகிறது என்று பார்க்க, மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, லோடு (லைட், ஏசி) ஓடும்போதே ஒரு கம்பியின் இரண்டு நுனிகளிலும் தொட வேண்டும். நல்ல கம்பி என்றால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். டைனமோ பி பிளஸ்ஸிலிருந்து பேட்டரி பாசிட்டிவ் வரை 0.3. இதுவே கொஞ்சம் அதிகம், 0.2க்குள் இருந்தால் நிம்மதி. பேட்டரி நெகட்டிவிலிருந்து டைனமோ உடம்பு வரை தொட்டபோது 1.2! வியாதி எர்த் பக்கம்தான், அதாவது பாடி, எஞ்சின் வழியாகக் கரண்ட் திரும்புகிற பாதையில்.

அப்புறம் துண்டு துண்டாக. நெகட்டிவ் முனைக்கும் அதன் கிளாம்புக்கும் 0.05 (முனையின் ஈயத்தையே தொட வேண்டும், கிளாம்பைத் தொட்டு ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்). கிளாம்பிலிருந்து பாடி போல்ட் வரை 0.1. பாடியிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு 1.0. பிளாக்கிலிருந்து டைனமோவுக்கு மீதி 0.05. கணக்கு நேராகிவிட்டது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் கம்பிப் பின்னல் பட்டைதான் ஆள்.

கடையில் வேலை பார்க்கும் தம்பி அதே பட்டையைத் தடை அளக்கும் ஓம் மீட்டரில் வைத்து, "பூஜ்யத்துக்குப் பக்கம்தானண்ணே காட்டுது" என்றான். காட்டத்தான் செய்யும். 40 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் விழ 0.025 ஓம் போதும். சாதா மீட்டரின் இரண்டு ஒயருமே அதைவிட அதிகம் காட்டும். கரண்ட் ஓடாமல் அளந்தால் இந்த வியாதி வெளியே வராது. ஜம்பர் கேபிளால் எஞ்சின் பிளாக்கையும் பேட்டரி நெகட்டிவையும் நேராக இணைத்துக் காட்டினேன். பேட்டரியில் 13.7க்கு ஏறியது. தம்பி அதற்கப்புறம் பேசவில்லை.

கிளட்ச் கேபிளின் மேலுறை ஓரிடத்தில் கருகியிருந்தது. பட்டை வழி அடைபட்டதும் கரண்டில் ஒரு பங்கு கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது. கிளட்ச் கனமாக இருக்கிறது என்று அண்ணன் தனியாக ஒரு புகார் வைத்திருந்தார். அதற்கும் பதில் கிடைத்தது.

ஜூன் 15, ஞாயிறு

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நேற்று நள்ளிரவோடு முடிந்தது. ஐஸ் வண்டிக்காரர்கள் ஹாரன் வேலை செய்யவில்லை, இண்டிகேட்டர் எரியவில்லை என்று வரிசையாக நிற்கிறார்கள். மீன் பெட்டியிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சேஸிஸே ஊறுகாய் ஆகியிருக்கும், வேறென்ன. அண்ணன் வண்டியைத் தொட நேரமில்லை.

ஜூன் 16, திங்கள்

பட்டையைக் கழற்றி வெட்டிப் பார்த்தேன். மேலே பழுப்பாகத்தான் இருந்தது. உள்ளே லக்குக்குள் (போல்ட்டில் மாட்டும் நுனி வளையம்) நுழையும் இடத்தில் பச்சைக் களிம்பு. கையால் முறுக்கியதும் இழை இழையாகப் பொடிந்தது.

இந்தக் கரையில் இது ஏன் இவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்று அண்ணன் கேட்டார். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் போதும், படிந்த உப்பு தானே தண்ணீரை உறிஞ்சிக் கசியும். பாம்பனில் இரண்டு பக்கமும் கடல். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். இப்போது அடிக்கிற தென்மேற்குக் காற்று உப்பைக் கொண்டுவந்து அப்புகிறது, கழுவிவிட மழை கிடையாது. போதாததற்கு அரிச்சல்முனைச் சாலை. 2017இல் அது திறந்த பிறகு சின்னக் கார்களும் கடைசி முனைவரை போகின்றன, டயர் வாரியடிக்கும் உப்பு மணல் முழுக்க எஞ்சினின் அடிவயிற்றில். ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டுப் பாதுகாக்கிறார்கள். காரின் எர்த் பட்டையை யார் கண்டுகொள்கிறார்கள்?

புதிதாகப் போட்டது 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், படகுகளுக்குப் போடுகிற வெள்ளீயம் பூசிய இழை. லக்கை அழுத்தி இறுக்கி, மேலே பசையுள்ள, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய். பாடியில் போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி உலோகம் பளபளக்க உப்புத்தாள் போட்டேன். முறுக்கிய பிறகுதான் கிரீஸ், மேலே மட்டும். பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடிக்கு ஆப்பசோடா கரைத்த தண்ணீர். பாசிட்டிவ் பக்கத்து 0.3க்குக் காரணம் மெயின் ஃபியூஸ் நட்டில் இருந்த களிம்பு. அரை மணியில் முடிந்தது.

ஜூன் 19, வியாழன்

அதே லோடு, அதே ஆர்பிஎம். டைனமோவில் 14.2, பேட்டரியில் 14.0. எர்த் பக்கம் முழுவதுமாக 0.08, பாசிட்டிவ் பக்கம் 0.12. இரவில் பாம்பன் சாலைப் பாலத்தில் ஏசி போட்டு ஓட்டிப் பார்த்தோம், வெளிச்சம் ஆடவில்லை. செல்ஃப் ஒரே இழுப்பில் எடுக்கிறது.

அண்ணனுக்கு இப்போது கவலை பழைய டைனமோ. நல்லவேளை, கழற்றியதை டிக்கியிலேயே போட்டுவைத்திருந்தார். ராமநாதபுரத்தில் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருப்பவரிடம் ஓட்டிப் பார்த்தோம். லோடு கொடுத்தும் 14க்கு மேல் நிற்கிறது, பிரஷ்ஷும் பாதி தேயவில்லை. புதிது என்ன விலைக்குப் போட்டார்கள் என்று கேட்டேன். "அத விடு தம்பி, இதுக்கு ஆள் இருந்தாச் சொல்லு" என்கிறார். ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் அவர் வண்டியின் எர்த்தை அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.