22 மில்லிமீற்றர்

தங்கச்சிக்கு வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். 22ஆம் கிழமை ஸ்கானுக்குக் கொக்குவிலில் இருந்து ஓட்டோவில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

"சலம் கழிச்சிட்டு வாங்கோ, பிள்ளை" என்றா டொக்டர். சலப்பை நிறைஞ்சிருந்தால் கர்ப்பப்பை வாய் இழுபட்டு, உள்ளதைவிட நீளமாகத் தெரியுமாம். பிறகு உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கான். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பாதை. அதுதான் கர்ப்பப்பை வாய். அதன் நீளத்தை மூன்று தரம் அளந்து, ஆகக் குறைந்ததை எழுதினா: 22 மில்லிமீற்றர்.

25 மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் குறைமாதத்தில் பிறக்கும் ஆபத்துக் கூட. இரட்டையரில் பாதிக்கு மேல் எப்படியும் 37 கிழமைக்கு முன்னமே பிறந்துவிடுகிறார்கள். ஆனால் 22 என்றால் நாளைக்கே பிறக்கும் என்றில்லை. அதைத்தான் தங்கச்சிக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அம்மா, "இனிக் கட்டிலை விட்டு இறங்கப்படாது" என்று ஒரே பிடி. படுத்தே கிடந்தாலும் பிரசவம் தள்ளிப்போகாது, காலில் இரத்தம் கட்டிபடவும் கூடும் என்று டொக்டரே விளங்கப்படுத்தினா. இரவில் உள்ளே வைக்கப் புரொஜெஸ்ட்ரோன் என்ற, கர்ப்பத்தைத் தாங்க உதவும் ஹோர்மோன் குளிசை தந்தா. நோ கண்டால் எங்கே, எப்படி ஓடுவது என்பதையும் அன்றே பேசி வைத்தோம்.

33ஆம் கிழமை, விடியப்புறம் நோ கண்டது. பிள்ளைகளின் நுரையீரலுக்கான ஊசி போட நேரம் கிடைத்தது. இரண்டு நாள் கழித்துப் பிறந்தார்கள். இன்குபேற்றர் துவாரத்தால் விரலை நீட்டினேன். மூத்தவள் பிடித்தாள், விடவே இல்லை.