இடது பக்கம் 52

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியின் வளைவை மாற்றும் அறுவை சிகிச்சையில், இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் செலுத்தும் பம்ப் முதன்முதலாக என் பொறுப்பில் இருந்த நாள் அது. வளைவைத் தைக்கும்போது உடம்பின் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடுவோம். வலது அக்குள் தமனி வழியாக மூளைக்கு மட்டும் ரத்தம் போகும். அந்த நேரத்தைத் தாங்கத்தான் உடம்பைக் குளிர்விப்பது.

நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன்பே நெற்றியில் இரண்டு பக்கமும் நிர்ஸ் சென்சார் ஒட்டியிருந்தோம். எலும்பைத் தாண்டிப் போகும் அகச்சிவப்பு ஒளியை வைத்து, மூளையின் முன்பகுதி ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அது சொல்லும். ரத்த ஓட்டத்தை நேராக அளப்பதில்லை. மூளைக்கு வருவது, மூளை செலவழிப்பது இரண்டும் கலந்த கணக்கு அது. அதனால் அவரவர் தொடக்க எண்தான் அளவுகோல். இவருக்கு வலது 69, இடது 68. பலகையில் பெரிதாக எழுதி வைத்தேன். அதிலிருந்து 20 சதவீதம் இறங்கினால், அதாவது 54-ஐத் தொட்டால், சும்மா இருக்கக் கூடாது.

குளிர்விக்கக் குளிர்விக்க எண்கள் ஏறின. மூக்குக்குள் இருந்த வெப்பமானி 24 டிகிரி காட்டியபோது இரண்டு பக்கமும் 77-ஐ ஒட்டி நின்றன. புதிதாகப் பார்ப்பவருக்கு இது நிம்மதியாக இருக்கும். ஆனால் ரத்தம் கூடுதலாகப் போவதால் ஏறுவதில்லை. ஒரு டிகிரி குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய 6, 7 சதவீதம் குறையும். செலவு குறைவதால் மிச்சம் கூடுகிறது, அவ்வளவுதான்.

ஓட்டத்தை நிறுத்தினோம். 60 கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 600 மில்லி, மூளைக்கு மட்டும். வலது பக்கம் 72-ல் நின்றது. இடது பக்கம் 66, 59, அப்புறம் 52.

"சார், இடது பக்கம் 52" என்றேன். குரல் நடுங்கியது எனக்கே கேட்டது.

மயக்க மருத்துவர் துணியைத் தூக்கி சென்சாரைப் பார்த்தார். நன்றாகவே ஒட்டியிருந்தது. தலையும் திரும்பவில்லை. வலது கையில் அழுத்தம் 60 இருந்தது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும், அதனால் அதையும் பார்த்தோம், சரியாக இருந்தது. ஓட்டத்தை 700 ஆக்கினேன். இடது பக்கம் அசையவில்லை. மிச்சம் இருந்தது ஒரே காரணம். வலப்பக்கம் நுழையும் ரத்தம் மூளையின் அடியில் இருக்கும் வில்லிஸ் வட்டம் வழியாகத்தான் இடப்பக்கம் போக வேண்டும். அந்த வட்டம் பலருக்கு முழுமையாக இருப்பதில்லை.

அறுவை மருத்துவர் தையலை அப்படியே நிறுத்தி, இடது கழுத்துத் தமனியின் திறந்த வாய்க்குள் ரத்தம் செலுத்தும் இன்னொரு குழாயை (கேனுலா) வைத்தார். இரண்டு நிமிடத்துக்குள் 64. அந்த நிர்ஸ் திரை இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. வலது கை அழுத்தம் கடைசிவரை நன்றாகத்தானே இருந்தது! காதோரம் வைத்து ஒலியலையால் ரத்த ஓட்டத்தைக் கேட்கும் டாப்ளர் கருவியும் இருந்தால் ஓட்டத்தின் வேகமே தெரியும், ஆனால் சிலருக்கு அங்கே எலும்பு தடிமனாக இருப்பதால் சிக்னல் கிடைக்காது. இவருக்கும் கிடைக்கவில்லை.

சூடேற்றும் நேரம்தான் எனக்கு இன்றும் அதிகப் பயம். எல்லோருக்கும் சீக்கிரம் முடிக்கத் தோன்றும். பம்ப்பிலிருந்து போகும் ரத்தம் 37 டிகிரியைத் தாண்டாமல், மெதுவாகத்தான் ஏற்றினேன். மூளை விழித்து மறுபடி ஆக்சிஜன் கேட்கத் தொடங்குவதால் இரண்டு எண்களும் கொஞ்சம் இறங்கின. அழுத்தத்தைக் கூட்டியதும் 65-க்கு மேல் நிலைத்தன.

மறுநாள் காலை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். மூளையின் இடப்பக்கம் ஆள்வது வலது கையை. "அம்மா, வலது கையால என் விரலை அழுத்துங்க" என்றேன். அழுத்தினார். விடச் சொன்ன பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தார்.