ஷெட்டில் நிற்கும் ஹெரால்ட்

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

பெங்களூரு அல்சூர் முழுக்க பூசணிக்காய் உடைக்கிற சத்தம். ஷெட்டுக்குள் கிடக்கும் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காருக்கும் அக்கா சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். பொட்டு வைத்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஹெட்லைட்டைச் சுற்றித் தகடே இல்லை.

மாசக் கடைசிக்குள் ஷெட் காலியாகணும். "சரிபண்ண எடுக்கலாமா, காயலான் கடையா, ஒரு வார்த்தை சொல்லிடுப்பா" என்றார் அக்கா. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசியைத் தட்டிப் பார்க்காமல் சொல்வதாக இல்லை.

அக்டோபர் 12, சனி

வெளிப்பக்கம் மட்டும் பார்த்தேன். 1966 மார்க் 2, இரண்டு கதவு, 948 சிசி. கந்தலான துணியைச் சுற்றிய காந்தத்தை நகர்த்திக்கொண்டே போனால் பட்டி பூசின இடமெல்லாம் பிடிக்காமல் நழுவுகிறது. பின் வீல் ஆர்ச் இரண்டும் பட்டி. கதவின் அடிப்பகுதி நான்கு விரல் அகலத்துக்குப் பட்டி. கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடு இரண்டு பக்கமும் கையால் பிய்கிறது. பேட்டரி உட்காரும் தட்டு ஆசிட் சிந்திச் சிந்தி ஓட்டை. அதற்குக் கீழே இருக்கும் ஃப்ளோரும் அதோடு போயிருக்கிறது. டிக்கியில் டேங்குக்கு அடியில் விரல் போகிறது.

பார்க்கிறவன் பயந்துபோவான். ஆனால் இந்த வண்டிக்கு இதில் எதுவும் தீர்ப்பு கிடையாது. பத்மினி காரில் சில் இந்த அளவு போயிருந்தால் பேச்சே வேறு. அதற்குத் தனிச் சேசி இல்லை, பாடிதான் எலும்பு. ஹெரால்டுக்குச் சேசி தனி. பானட், பாடியின் முன்பாதி, பின்பாதி, கூரை எல்லாம் போல்ட் போட்டுச் சேர்த்தவை. சில்கூட போல்ட்டில்தான் நிற்கிறது, எடை தாங்குவதில்லை. தகடு வெட்டி மடித்து எதையும் செய்துகொள்ளலாம். வண்டலூர் ஆலையில் இவ்வளவு பிரித்துப் பிரித்துக் கட்டினது இன்றைக்கு நமக்கு வரமாக நிற்கிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

அடியில் படுத்தேன். ஜாக்கியைச் சேசியின் நடுவே நீளமாக ஓடும் ரெயில் இரண்டில் மட்டும்தான் கொடுக்கலாம். ரெயிலிலிருந்து பக்கவாட்டில் நீளும் கையான அவுட்ரிகரில் கொடுத்தால் அப்பளமாக நொறுங்கும்.

சின்ன பால்-பீன் சுத்தியல், மழுங்கின ஸ்க்ரூ டிரைவர், டார்ச். நல்ல இரும்பு "டங்" என்று கையைத் திருப்பி அடிக்கும். அரித்தது "டப்" என்று சுத்தியலை விழுங்கும். முன்னாலிருந்து ஓரடிக்கு ஒரு தட்டு.

முன் அவுட்ரிகர்: இடது காலி, வலது பாதி. பின் அவுட்ரிகர் இரண்டும் காலி. சில்லை ஒட்டி ஓடும் சைட் ரெயில்: உள்ளே மண், காய்ந்த இலை, ஒரு பக்கம் எறும்புப் புற்று. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் இரண்டு தகடு சேரும் மடிப்பெல்லாம் உப்பி வெல்டிங் பொட்டுகள் பிய்ந்திருக்கின்றன. இவ்வளவும் மாற்றக்கூடியவை.

நடு ரெயில் முன்பாதி டங். கியர்பாக்ஸ் அருகே எஞ்சின் ஆயில் கசிந்து கசிந்து நனைத்ததில் துருவே இல்லை.

இடது ரெயில், பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் கியர் பெட்டிக்கு முன்னால், பின் அவுட்ரிகர் சேரும் இடம். ஸ்க்ரூ டிரைவர் போகவில்லை. ஆனால் சத்தம் டங்கும் இல்லை, டப்பும் இல்லை. மேலே தடிமனாகக் கறுப்பு பூசியிருக்கிறார்கள்.

அக்டோபர் 15, செவ்வாய்

காலையிலிருந்து மழை. இன்றைக்குத்தான் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தது. கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்றுத் திறப்புக்குள் இலை மக்கிக் களிமண் மாதிரி அடைத்துக்கிடக்கிறது. வடிகால் அடைத்தால் தண்ணீர் ஃப்ளோரில்தான் இறங்கும், அங்கே ரப்பர் விரிப்புக்கு அடியில் தேங்கும். எத்தனை புதுத் தகடு போட்டாலும் இதைச் சுத்தம் செய்யாவிட்டால் அடுத்த மழையிலேயே திரும்ப ஆரம்பிக்கும். கம்பி விட்டுக் குத்தி எடுத்தேன். ஒரு வாளி மக்கு. விரிப்பையும் தூக்கி வெளியே போட்டாச்சு.

அக்டோபர் 16, புதன்

இடது ரெயில். அந்தச் சத்தம்.

அக்டோபர் 19, சனி

டிங்கர் பாய் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, பாடியைத் தூக்கிடலாம், சேசியை வெறுமனே போட்டு வேலை பார்த்தா சுத்தமா வரும்" என்றார். சுத்தமாக வரும், கதவு மூடாது. அவுட்ரிகர் எல்லாம் போன சேசியில் பாடிதான் இப்போதைக்கு அளவைப் பிடித்து வைத்திருக்கிறது. பாடி மேலே இருக்கும்போதே ஒரு பக்கம் முழுக்க முடித்து, கதவு இடைவெளி மேலேயும் கீழேயும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் அடுத்த பக்கம். வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பில் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் ஒரு இன்ச் குழாயைக் குறுக்கே வெல்ட் அடித்து நிறுத்தணும். பாய் யோசித்தார். "சரிதான், நீங்க சொல்றது" என்றார்.

கேஸ் வெல்டிங் வேண்டாம் என்பதிலும் பிடிவாதமாக இருந்தேன். சூடு பரவி ஃப்ளோர் அலை அலையாக நெளியும். கம்பி ஊட்டி அடிக்கும் மிக் கரண்ட் வெல்டிங்தான், 0.8 மி.மீ. கம்பி, ஒரு இன்ச் அடித்துவிட்டு இன்னொரு மூலைக்குப் போய் அடிக்கணும். ஃப்ளோருக்கு 18 கேஜ், எட்டுக்கு நான்கு அடித் தகடு ஒன்று ஏறக்குறைய 28 கிலோ. அவுட்ரிகருக்கும் ரெயிலுக்கும் 2 மி.மீ., அதே அளவுத் தகடு 47 கிலோ வரும். முதல் வேலை டேங்கைக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே தூரமாக வைப்பது. காலி டேங்கில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

ரெயிலைக் காட்டினேன். அவரும் தட்டினார். இரண்டாவது முறை தட்டினார். எதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

எஞ்சின் ஜாம். பிளக் நான்கையும் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் ஏடிஎஃப் என்கிற ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து இரண்டு மூடி விட்டிருக்கிறேன். ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது, பிஸ்டன் ரிங் உடையும். ஊறட்டும்.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை நிற்கவே இல்லை. யெலகங்கா பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். ஷெட் சுவரில் ஈரம் ஏறிக்கொண்டே போகிறது. இன்றைக்குக் கேட்டிருந்தால் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 24, வியாழன்

நான்காவது கியரில் போட்டுப் பின்னாலிருந்து ஆட்டினேன், அசைந்தது! கால் சுற்று, அரைச் சுற்று, முழுச் சுற்று.

உடனே கிராங்க் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். டயல் கேஜில் ஆறு தௌ, அதாவது இன்ச்சில் ஆயிரத்தில் ஆறு பங்கு. நாலிலிருந்து எட்டு வரைக்கும் பரவாயில்லை. இது அதிகமாக இருந்தால் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் கழன்று கீழே விழுந்திருக்கும், கிராங்க்கே பிளாக்கை அரைக்க ஆரம்பிக்கும். இந்த எஞ்சின்களுக்கு இதுதான் எமன்.

முன் சக்கரம் திரும்ப உதவும் கீழ் மூட்டான ட்ரன்னியன் இரண்டிலும் கிரீஸ் கட்டிக் கல்லாகக் கிடக்கிறது. அதற்கு ஈபி 90 கியர் ஆயில்தான் விடணும். கிரீஸ் மரைக்குள் இறங்காது, தண்ணீர் இறங்கும், உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு துருப்பிடித்து ஒருநாள் திருப்பத்தில் முறியும். சக்கரம் மடிந்து உள்ளே போகும். மெக்கானிக் எவனிடம் போனாலும் முதலில் கிரீஸ் கன்னைத்தான் எடுக்கிறான். ஊர் ஊராகச் சொல்லியும் கேட்பதில்லை. இரண்டு தண்டும் மாற்றியே ஆகணும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும்.

ஆர்சி புத்தகம் அக்காவிடம் இருக்கிறது, பேரும் சரி. 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் விதியில் 50 வயது தாண்டின, அசல் வடிவம் மாறாத வண்டிக்குப் புதுப் பதிவு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் தினமும் ஓட்ட முடியாது. ரேலி, கண்காட்சி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு மட்டும். மார்க்கெட்டுக்குப் போய்வரவும் வேண்டுமென்றால் வழக்கமான வழி: எஃப்சி காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். அக்காவுக்கு மார்க்கெட்தான் முக்கியம்.

அக்டோபர் 27, ஞாயிறு

வெட்டினேன்.

இடது ரெயிலில் பக்கவாட்டில், மூன்று இன்ச்சுக்கு இரண்டு. முதலில் கறுப்பைச் சுரண்டினால் ரெட் ஆக்சைடு, அதற்குக் கீழே எவனோ ஒட்டின ஒரு பட்டை. துருவைச் சுத்தம் செய்யாமல் மேலேயே அடித்திருக்கிறான். சத்தம் அதனால்தான் இரண்டுங்கெட்டானாக வந்தது. பட்டையைப் பிரித்ததும் உள்ளிருந்து செதில் செதிலாகக் கொட்டியது, ஒரு கை நிறைய. வயிறு கலங்கியது.

கம்பி பிரஷ் போட்டு ரெயிலின் உண்மையான சுவர் தெரிகிற வரைக்கும் தேய்த்தேன். சாம்பல் நிறத்தில் இரும்பு வந்தது. வெர்னியரில் பிடித்து, முன்னால் இருக்கும் நல்ல இடத்தோடு ஒப்பிட்டேன். கால் பங்குகூடக் குறையவில்லை. ஓட்டை இருப்பது பக்கச் சுவரில் மட்டும், உள்ளங்கை அகலம். மேல் தகடும் கீழ்த் தகடும் முழுசு. கேமரா வயரை உள்ளே விட்டு இரண்டு பக்கமும் பார்த்தேன், டிஃபரன்ஷியல் தாங்கி வரைக்கும். மேலோட்டமான துரு, குழி இல்லை.

அக்டோபர் 28, திங்கள்

தூக்குக்குண்டு கட்டி முன் சஸ்பென்ஷன் போல்ட் இரண்டு, பின்பக்கம் இரண்டு, நான்கு புள்ளியையும் தரையில் சாக்பீஸால் இறக்கினேன். குறுக்கு அளவு இரண்டுக்கும் வித்தியாசம் 2 மி.மீ. சாக்பீஸ் கோட்டின் அகலமே அவ்வளவு இருக்கும். சேசி நேர்.

அக்டோபர் 29, செவ்வாய்

அக்காவிடம் சொல்லிவிட்டேன்: எடுக்கலாம். தீபாவளிக்கு முன்னாலேயே பாயின் ஷெட்டுக்குப் போகணும். கயிறு கட்டி இழுக்கவே கூடாது, அந்த ட்ரன்னியனை நம்பி ஒரு தெருகூட உருட்ட மாட்டேன். படுக்கை லாரி, நாளை காலை ஆறு மணி. பெல்ட்டை அச்சில் போடணும், அவுட்ரிகரில் போடக்கூடாது. டிரைவரிடம் இன்றே சொல்லிவிடணும்.