நடுவர் காணும் ஆழம்: முப்பரிமாண ஒளிப்படக் கண்காட்சியில் என் அனுபவம்

முப்பரிமாண ஒளிப்படத்தைக் கண்காட்சிக்கு அனுப்புவதும் சாதாரணப் படத்தை அனுப்புவதும் ஒன்றுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். கோப்பைப் பதிவேற்றிக் கட்டணம் செலுத்தி முடிவுக்குக் காத்திருக்கும் அளவில் அது உண்மைதான். ஆனால் இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு ஒன்றுமாக இரு படங்கள் சோடியாகச் செல்லும் இந்தக் கலையில், நடுவர் எவ்வளவு பெரிய திரையில், எவ்வளவு தொலைவில் அமர்ந்து பார்க்கிறார் என்பதைப் பொறுத்துப் படத்தின் ஆழமே மாறிவிடுகிறது. கலிபோர்னியாவில் வசிக்கும் நான் சில ஆண்டுகள் போட்டியாளனாகப் படங்களை அனுப்பி, பின்னர் நடுவர் இருக்கையிலும் அமர்ந்தவன். இரு பக்கமும் நின்று பார்த்ததை இங்கே பகிர்கிறேன்.

எங்கள் முப்பரிமாண ஒளிப்படக் கழகத்தில் எனக்கு இந்தக் கலையைக் கற்றுத்தந்த மூத்த உறுப்பினர்கள், ஒளி ஊடுருவும் ஃபிலிம் படமான ஸ்லைடின் காலத்தவர்கள். மில்வாக்கி நகரில் இயங்கிய டேவிட் ஒயிட் நிறுவனம் 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமராவில் 35 மி.மீ. ஃபிலிமைப் போட்டுப் படமெடுப்பார்கள். கழுவி வந்த இரு துண்டுகளையும் 41 மி.மீ. உயரமும் 101 மி.மீ. நீளமும் உள்ள ஒரே சட்டத்தில் கண்ணாடிகளுக்கு நடுவே பொருத்தித் தபாலில் அனுப்புவார்கள். கண்ணாடி உடைந்து திரும்பியதும் உண்டு, கடல் கடந்து சென்ற பெட்டி வந்து சேர மாதங்கள் ஆனதும் உண்டு. ஆயினும், அவர்கள் தங்கள் கையால் சட்டமிட்ட அதே ஸ்லைடுதான் நடுவர் முன் இருந்தது. ஓர் அரங்கில், ஒரே திரையில், எல்லா நடுவர்களும் அதை ஒன்றாகப் பார்த்தார்கள். டிஜிட்டல் முறை தபாலின் துன்பத்தை முற்றிலும் நீக்கியது. கூடவே இந்தப் பொது அனுபவத்தையும் அது கலைத்துவிட்டது என்பது என் வருத்தம்.

நான் தொடங்கியது 2010-இல் வெளியான ஃபுஜிஃபில்ம் டபிள்யூ3 கேமராவில். அதன் இரு லென்ஸ்களுக்கும் இடையே 75 மி.மீ. இடைவெளி உண்டு. பின்னணி தொடுவானம் வரை விரியும் காட்சியில், மிக அருகிலுள்ள பொருள் லென்ஸ் இடைவெளியைப் போல் 30 மடங்கு தொலைவிலாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் கழகத்தில் வழங்கும் கைக்கணக்கு. அதன்படி இந்தக் கேமராவுக்கு இரண்டேகால் மீட்டருக்குள் எதுவும் வரலாகாது. அரை மீட்டர் தொலைவில் உள்ள மலரை அதே போன்ற பின்னணியோடு எடுக்க வேண்டுமானால் இடைவெளி சுமார் 17 மி.மீ.தான் இருக்கலாம். அதற்கு ஒற்றை லென்ஸ் கேமராவைச் சறுக்குப் பட்டையில் ஏற்றி, ஒரு படம் எடுத்து, சற்று நகர்த்தி இன்னொன்று எடுக்க வேண்டும். நடுவே காற்றடித்து இலை அசைந்தால் அந்தச் சோடி பயனற்றுப் போகும்; ஆகவே மலர்ப் படங்களுக்கு விடியற்காலையையே தேர்ந்துகொள்கிறேன்.

படமெடுத்த பின் வரும் வேலைதான் என்னைப் பெரிதும் ஈர்ப்பது. ஜப்பானைச் சேர்ந்த மசூஜி சூத்தோ உருவாக்கி இலவசமாக வழங்கும் ஸ்டீரியோ ஃபோட்டோ மேக்கர் என்ற மென்பொருளில் இரு படங்களின் உயரம், சாய்வு, அளவு ஆகியவற்றை ஒன்றுக்கொன்று பொருத்துகிறேன். நம் கண்கள் பக்கவாட்டு வேறுபாட்டை ஆழமாக உணரும், மேல்கீழ் வேறுபாட்டையோ வலியாகத்தான் உணரும். அடுத்தது ஜன்னல். படத்தின் நான்கு விளிம்புகளும் ஒரு ஜன்னல் சட்டத்தைப் போல மூளைக்குத் தோன்றுகின்றன. அந்த ஜன்னலுக்கு அப்பால் காட்சி விரிய வேண்டும். ஜன்னலைத் தாண்டி முன்னால் வரும் பொருளைப் பக்க விளிம்பு வெட்டினால், பின்னால் உள்ள சட்டம் முன்னால் உள்ள பொருளை மறைக்கும் முரண் உண்டாகிறது. அனுபவமுள்ள நடுவர் முதல் நொடியிலேயே காணும் பிழை இதுதான்.

இனி ஆழத்தின் கணக்கு. கண்காட்சிகளில் பரவலாகக் கேட்கப்படும் அளவு, ஒரு கண்ணுக்கு 1920×1080 பிக்சல். சோடியைப் பக்கம் பக்கமாக வைத்தால் அகலம் 3840 பிக்சல். ஒரே பொருள் இரு படங்களிலும் பக்கவாட்டில் எவ்வளவு விலகி விழுகிறது என்பதை இடப்பெயர்ச்சி என்போம்; ஜன்னலில் இருக்கும் பொருளுக்கு அது சுழி. தொடுவானத்துக்கு அது படத்தின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது 64 பிக்சல், இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் அகலத் திரையில் இது சுமார் 67 மி.மீ. ஆகிறது, நம் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரமும் ஏறக்குறைய அதுவேயாதலால் கண்கள் இணையாக நோக்கி இளைப்பாறுகின்றன. 3 மீட்டர் திரையில் அது 100 மி.மீ. ஆகி, கண்களை வெளிப்புறமாக விரியச் சொல்கிறது. முன் வரிசையில் இருப்பவருக்குத் தலைவலி வரும். அதே கோப்பை மடிக்கணினியில் திறந்தால் இடப்பெயர்ச்சி 11 மி.மீ. அளவுக்குச் சுருங்கி, மலைத்தொடர் அட்டைப்படமாகிவிடுகிறது. கோப்பில் ஒரு பிக்சலும் மாறவில்லை. ஆகவே, நடுவர்கள் காணப்போகும் திரையின் அகலத்தை அழைப்பில் அறிவிக்கும் கண்காட்சிகளுக்கே இப்போது முன்னுரிமை கொடுத்து அனுப்புகிறேன். அறிவிக்காதவற்றுக்கு அமைப்பாளரிடம் எழுதிக் கேட்கிறேன். பெரும்பாலோர் மகிழ்ச்சியுடன் பதில் தருகிறார்கள்.

பதிவேற்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இடக்கண் படம் இடப்புறம் இருக்கிறதா என்பதை மட்டும் அனுப்பும் முன் முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மாறியிருந்தால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தோன்றும்.

நடுவராக நான் முதலில் அமர்ந்தது ஒரு கழக அரங்கில். இரண்டு புரொஜக்டர்கள், அவற்றின் முன், ஒவ்வொரு கண்ணுக்கும் உரிய ஒளியை அதன் அதிர்வுத் திசையால் பிரித்துக்காட்டும் போலரைஸ் வடிகட்டிகள், அந்த அதிர்வுத் திசையைக் கலைக்காத வெள்ளிப்பூச்சுத் திரை என்ற பழைய ஏற்பாடு அது. நடுவர்கள் மூவரையும் நடு வரிசையில், திரைக்கு நேராக உட்கார வைத்தார்கள். இது உபசாரத்துக்காக அன்று. திரையை நெருங்க நெருங்க ஆழம் தட்டையாகும், விலக விலக நீளும், ஓரத்தில் அமர்ந்தால் காட்சி முழுவதும் சரிந்து நிற்கும். படங்கள் அனைத்தையும் முதலில் வேகமாக ஓட்டிக் காட்டிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக மதிப்பெண் கேட்டார்கள். ஒரு படத்துக்குக் கிடைப்பவை சில நொடிகள்தாம். அந்தச் சில நொடிகளில் கண்கள் இரு படங்களையும் எளிதாக இணைத்துவிட வேண்டும். இணைந்த பின்தான் ஒளியையும் அமைப்பையும் உணர்வையும் பற்றிய பேச்சு.

அன்று நான் அதிக மதிப்பெண் அளித்தது ஆழம் குறைந்த ஒரு படத்துக்கு. மூடுபனியில் நின்ற சில மரங்கள். முன்னால் பாய்ந்து வரும் பொருள் எதுவும் இல்லை. ஆனால் மரத்துக்கு மரம் இருந்த காற்றை அங்கே பார்க்க முடிந்தது. ஒரு கண்ணை மூடினால் அந்தப் படம் வெறும் சாம்பல் நிறமாகியது. ஆழத்தை எடுத்துவிட்டால் படத்தில் என்ன இழப்பு என்பதையே அன்றிலிருந்து என் முதல் கேள்வியாக வைத்திருக்கிறேன். ஒற்றைப் படத்திலிருந்து கணினி கணித்துத் தரும் ஆழம் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் நிற்பதில்லை. முகத்தின் ஓரத்துக்குப் பின்னால் மறு கண் கண்டிருக்க வேண்டியதை அது ஊகித்து நிரப்புகிறது. முடிக்கற்றையிலும் நீரின் மினுமினுப்பிலும் அந்த ஊகம் வெளிப்பட்டுவிடுகிறது. அத்தகைய படங்களைத் தனிப் பிரிவில் ஏற்கலாம். இரு பார்வைகளைக் களத்தில் நின்று பதிவு செய்தவரோடு அவற்றை ஒரே வரிசையில் நிறுத்துவதை நான் ஏற்கவில்லை.

2020-இல் பெருந்தொற்று அரங்குகளை மூடியபோது வீட்டிலிருந்தபடியே மதிப்பிடும் முறை பரவியது. பெரிய நிறுவனங்கள் அதற்குள் முப்பரிமாணத் தொலைக்காட்சித் தயாரிப்பைக் கைவிட்டிருந்தன. ஒரு நடுவர் பழைய தொலைக்காட்சியிலும், இன்னொருவர் தலையில் அணியும் காட்சிக்கருவியிலும், மற்றொருவர் சிவப்பு-நீலக் கண்ணாடியோடு கணினித் திரையிலும் பார்த்தால், மூவரும் மூன்று வெவ்வேறு படங்களுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். முழு எச்.டி. தரத்திலான போலரைஸ் வகைத் தொலைக்காட்சியில் ஒவ்வொரு கண்ணுக்கும் 1080 வரிகளில் பாதியே கிடைக்கின்றன. இருமடங்கு வரிகள் உள்ள 4கே திரையில்தான் முழுமையும் வருகிறது. சிவப்பு-நீல முறை நிறத்தையே கெடுத்துவிடும் என்பதால், அதில் பார்த்து மதிப்பிட அழைப்பு வந்தபோது காரணத்தை எழுதி மறுத்தேன். அமைப்பாளர்கள் அதை மரியாதையோடு ஏற்று, அடுத்த சுற்றில் நடுவர்கள் அனைவரும் ஒரே அளவுள்ள 4கே தொலைக்காட்சியில், ஒரே தொலைவில் அமர்ந்து பார்ப்பதற்கு ஏற்பாடு செய்தார்கள். நான் கலந்துகொண்ட இணையவழி மதிப்பீடுகளில், மூவரின் மதிப்பெண்களும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி வந்தது அந்தச் சுற்றில்தான்.